‘மாத்திரை போடுதியா?’ என்பதற்கு அடுத்த கேள்வி

நெல்லைச் சீமையில் மனநலம் பார்க்கிற மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மருந்தாளுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பாளையங்கோட்டையில் பி.ஏ. தமிழ் படித்தேன். படிக்கும்போதே மனச்சிதைவு நோய் வந்தது. இப்போது அம்மாவோடு சேர்ந்து பீடி சுற்றுகிறேன், சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், ராத்திரி மாத்திரை போடுகிறேன். மாத்திரை போடுகிறவர்கள், போட்டு நிறுத்தியவர்கள், போடுவதாகச் சொல்லிவிட்டுப் போடாதவர்கள் என்று நிறையப் பேரை ஓ.பி. வரிசையில் உட்கார்ந்தே எனக்குப் பழக்கம். நாங்கள் அந்தப் பெஞ்சில் பேசிக்கொள்வதில் பாதிகூட உங்கள் அறைக்குள் வருவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்ததும் நீங்கள் கேட்பது ஒன்றுதான். ‘மாத்திரை ஒழுங்கா போடுதியா?’ நாங்களும் ‘போடுதேன் சார்’ என்கிறோம். நோட்டில் போன மாதச் சீட்டையே மறுபடி எழுதுகிறீர்கள், அடுத்த ஆள் உள்ளே வருகிறார். உங்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. வெளியே வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது, உள்ளே நீங்கள் ஒருத்தர். மத்தியான பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும் என்று நாங்களும் பறக்கிறோம். ஆனால் அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொன்னால் திட்டு விழும். கூட வந்த அண்ணனோ மதினியோ வீடு வரைக்கும் அதையே சொல்லிக் காட்டுவார்கள். அதனால் போடாதவர்களும் ‘போடுதேன்’தான். அப்புறமும் நோய் அடங்கவில்லை என்றால், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீங்கள் மருந்தின் அளவைக் கூட்டுகிறீர்கள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்கு அடுத்த கேள்வி ஒன்றைக் கேளுங்கள்: ‘போட்டா எப்படி இருக்கு?’

மாத்திரை வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நோய் முற்றியிருந்த நாட்களில் தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால் அது என்னைப் பற்றித்தான். ஃபேன் சத்தத்துக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் நான் செய்வதை எல்லாம் வர்ணித்துக்கொண்டே இருக்கும்: ‘எந்திரிக்கா, குளிக்கப் போறா, அழுதா.’ மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் கழித்து, செய்தித்தாளில் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை நிற்காமல் படித்து முடித்தேன். குரல் அப்போதும் முழுக்கப் போய்விடவில்லை. பக்கத்து வீட்டு டிவி மாதிரி ஆகிவிட்டது. கேட்டது, ஆனால் எனக்கு அதில் வேலையில்லை. அந்த நிம்மதி மாத்திரை தந்தது. அதை யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

ஆய்வுகளும் அதையே சொல்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். 2012-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டு வாக்கில் நோய் திரும்பியது நூற்றுக்கு 27 பேருக்கு. மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 64 பேருக்கு. இந்த வித்தியாசத்தை நான் என் டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்வதுபோல எல்லோரிடமும் சொல்லுவேன்.

அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. மருந்தைத் தொடர்ந்தும் 27 பேருக்குத் திரும்பியிருக்கிறது. நோய் திரும்பி வருகிறவரிடம் உங்களில் பலர் எடுத்த எடுப்பில் சொல்வது, ‘மாத்திரைய விட்டிருப்பே.’ ஒரு நாளும் தவறாமல் போட்ட மனுஷனுக்கு அது எப்படி இருக்கும்? ஏற்கெனவே ஊர் அவரை நம்புவதில்லை. அவருக்கே அவர் காதை, கண்ணை நம்ப முடியவில்லை. தவறாமல் மாத்திரை போட்டேன் என்ற ஒரே ஒரு பிடிமானம்தான் இருந்தது. அதையும் பொய் என்று சொல்லிவிட்டால், அடுத்த மாதம் அவர் எதற்காகப் போட வேண்டும்?

சரி, விட்டவர்கள் ஏன் விட்டார்கள்?

பீடி சுற்றுகிற கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மடியில் சுளகு, அதில் வெட்டி வைத்த இலையும் தூளும். இலையை எடுத்து, தூளை விரலால் பரப்பி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி அறுக்க வேண்டும். கண் அங்கே இருக்கத் தேவையில்லை. கதை பேசிக்கொண்டே கை ஓடும். ஓடினால்தான் காசு, கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். எனக்கு மருந்தை மாற்றிக் கொடுத்த மாதம் கை ஓடவில்லை. விரல்கள் இறுகிப்போய், இலை நடுவில் கிழிந்தது. நூலைப் பிடித்தால் நழுவியது. ஆயிரம் சுற்றுகிற கை ஐந்நூறைத் தாண்டவில்லை. சுற்றினதும் லொடலொடவென்று இருக்கிறது என்று கடையில் கழித்துவிட்டார்கள். ‘ஏட்டி, கைக்கு என்ன வந்துச்சு ஒனக்கு?’ என்று அம்மா என் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். இது மாத்திரையால் வருவது, அளவைக் குறைத்தால் சரியாகலாம், இல்லாவிட்டால் இதற்கென்றே ட்ரைஹெக்சிபெனிடில் என்று ஒரு மாத்திரை இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வழி சொன்னது பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்த சித்திதான். ‘அந்த மாத்திரைய கொஞ்ச நாள் விட்டுப் பாரேம்ளா.’

விட்டேன். கொஞ்ச நாளில் கை பழையபடி ஓடியது. குரல் திரும்பி வர மாதங்கள் ஆயின.

இந்த இடைவெளிதான் எங்கள் எல்லோரையும் கவிழ்க்கிறது. மாத்திரையை விட்டதும் முதலில் போவது அதன் கஷ்டங்கள். அசதி போகும், இறுக்கம் போகும், முகத்தில் சிரிப்பு வரும், ‘பிள்ளை இப்பத்தான் பழையபடி இருக்கு’ என்று வீட்டில் உள்ளவர்களே சொல்லுவார்கள். நோய் திரும்புவது வாரங்கள் கழித்து, பலருக்கு மாதங்கள் கழித்து. அதற்குள் மாத்திரையை விட்டது எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும். திரும்பியதற்குக் காரணமாக அமாவாசையோ, சொத்துத் தகராறோ, யாரோ வைத்த செய்வினையோ அகப்பட்டுவிடும். மாத்திரையை விட்டவர்களைப் புரியாத ஜனங்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர்கள் கண்ணால் பார்த்ததை வைத்துச் சரியாகத்தான் முடிவு செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மீதியைச் சொல்லித் தர வேண்டியவர்கள் நீங்கள்தான். மருந்து ஆரம்பிக்கிற அன்றைக்கே, கூட வந்தவரையும் உட்காரவைத்து, ‘இதை விட்டா முதல்ல நல்லாத்தான் இருக்கும், அப்புறம்தான் வரும்’ என்று சொன்னால் போதும். இதைச் சொல்ல ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

எல்லாக் கஷ்டமும் கைபோல வெளியே தெரிவதில்லை. கால் தரிக்காமல் போவது ஒன்று இருக்கிறது. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும், நடந்தாலும் அடங்காது; உடம்புக்குள் யாரோ முறுக்கிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். இதை அனுபவிக்கிறவர் ராத்திரி முழுவதும் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடப்பார். வீட்டார் வந்து ‘பைத்தியம் கூடிப்போச்சு சார், தூங்கவே மாட்டேங்கான்’ என்று சொல்லுவார்கள். அதை நம்பி நீங்கள் அளவைக் கூட்டினால் அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ‘மனசு பதறுதா, இல்ல காலுதான் நிக்க மாட்டேங்கு?’ என்று அவரிடமே கேட்டால் பெரும்பாலும் அவரே பிரித்துச் சொல்லிவிடுவார்.

இந்த நோய்க்குக் கொடுக்கிற ஓலான்சபின் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்குப் பசி எடுத்துக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் ஜாக்கெட் எதுவும் சேராது, சிலருக்குச் சர்க்கரையும் வந்துவிடுகிறது. எடை பார்க்கிற மெஷின் உங்கள் அறை மூலையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறி நிற்கச் சொல்லுங்கள். ரிஸ்பெரிடோன் என்ற இன்னொரு மருந்தால் மாதவிலக்கு நின்றுபோகலாம், கல்யாணமாகாத பெண்ணுக்குக்கூட மார்பில் பால் கசியலாம். அம்மாக்காரி என்னவெல்லாம் நினைத்துப் பயந்து, அந்தப் பெண்ணை என்னவெல்லாம் கேட்பாள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் வருகிற குறையை அவர்கள் உங்களிடம் ஒரு நாளும் சொல்ல மாட்டார்கள். பின்னால் நாலு பேர் நிற்கும்போது எந்த ஆம்பிளை சொல்லுவான்? பேசாமல் மாத்திரையை விட்டுவிடுவான். அந்த ஒரு நிமிஷமாவது கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.

குளோசபின் மற்ற மருந்துக்கு அடங்காதவர்களுக்குக் கொடுப்பது. ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். சரிதான், உயிர் விஷயம். ஆனால் வாரம் ஒரு நாள் கூலி போகிறது, துணைக்கு வருகிறவர் கூலியும் போகிறது. பக்கத்து ஊர் சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்து அனுப்ப வழி செய்தால் எத்தனையோ பேர் நடுவில் விடாமல் இருப்பார்கள். அதைப் போடுகிறவர்கள் தலையணை மேல் துண்டு விரித்துப் படுக்கிறார்கள், எச்சில் அப்படி ஒழுகும். மலச்சிக்கலும் கடுமையாக வரும். அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்களாகக் கேட்டால்தான் உண்டு.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரைஹெக்சிபெனிடில் வியர்வையைக் குறைக்கிறது. இந்த நோய்க்கே கொடுக்கிற குளோர்புரோமசின் சாப்பிட்டால் வெயில் பட்ட தோல் எரிந்து கறுக்கிறது. சித்திரை வெயிலில் வயற்காட்டிலோ செங்கல் சூளையிலோ நிற்கிறவருக்கு இதையெல்லாம் சொல்லாமல் சீட்டு எழுதக் கூடாது.

இதெல்லாம் படிப்பறிவில்லாத கிராமத்து ஜனங்களின் பிரச்சினை என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நடந்து 2005-ல் முடிவு வெளியான, இந்த நோய்க்கான மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்த கேட்டி ஆய்வில் 1,493 பேர் இருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 74 பேர் கொடுத்த மருந்தை 18 மாதம் முடியும் முன்பே விட்டுவிட்டார்கள். அத்தனை கவனிப்பு இருந்த இடத்திலேயே அப்படி. மருந்து வேலை செய்யவில்லை என்று விட்டவர்கள் உண்டு, தாங்க முடியவில்லை என்று விட்டவர்கள் உண்டு, தாங்களாகவே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. மாத்திரையை விடுவது எங்கள் குணக்கேடு என்று பேசுவதை இதற்கு மேலாவது நிறுத்துங்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்.

‘மாத்திரை போட மாட்டேங்கா சார்’ என்று வீட்டார் அழுதால், ‘தெரியாம காப்பியில கலந்து குடுங்க’ என்று சொல்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். நிறமில்லாத திரவ மருந்தை எழுதிக் கொடுத்து, எத்தனை மில்லி என்று வீட்டாரிடம் மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். என்னோடு பெஞ்சில் உட்காருகிற ஒரு பெண்ணுக்கு அவள் அண்ணன் கடுங்காப்பியில் மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கொடுத்து வந்தார். ஒரு நாள் டம்ளரின் அடியில், கருப்பட்டி வண்டலுக்கு மேலே, கரையாத வெள்ளைப் பொடி ஒட்டியிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அவள் நோய் அவளிடம் அதுவரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? வீட்டில் உள்ளவர்கள் உன் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்பதுதான். அன்றைக்கு நோய் சொன்னது நிஜமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் யார் கையாலும் சாப்பிடவில்லை. தானே பொங்கித் தின்றாள், அரிசியைக்கூடத் தானே போய் வாங்கினாள். பிறகு எந்த மருத்துவர் எந்த மாத்திரையைக் காட்டி நல்லது என்று சொன்னாலும் அவளுக்கு அந்த டம்ளர்தான் கண்ணில் நின்றது.

அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. தங்கை இருட்டில் வீட்டைவிட்டு ஓடுவதையும், கிணற்றங்கரையில் நிற்பதையும் பார்த்து நடுங்கியவர். கட்டிப்போடுவதைவிடக் கலந்து கொடுப்பது மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க வழியில்லாமல் தீயில் கருகி 28 பேர் செத்ததை இந்தப் பக்கத்தில் எந்தக் குடும்பமும் மறக்கவில்லை. அவருக்கு வேறு வழியைக் காட்டியிருக்க வேண்டியவர் மருத்துவர். செவிலியர் ஒருவர் வீட்டுக்கு வந்து அந்தப் பெண்ணிடம் பேசியிருக்கலாம். மாதம் ஒரு முறை போடுகிற ஊசியைப் பற்றி அவளிடமே எடுத்துச் சொல்லி, வேண்டுமா என்று கேட்டிருக்கலாம். தினமும் மாத்திரையை எண்ணிப் பார்க்கிற சண்டை போய்விடும் என்பதால் ஊசியை விரும்பிப் போட்டுக்கொள்கிறவர்கள் எங்கள் வரிசையிலேயே இருக்கிறார்கள். நாலு பேர் பிடித்து அமுக்கிப் போட்டால் அதே ஊசி தண்டனையாகிவிடுகிறது.

மருந்தாளுநர்களே, உங்களுக்கும் ஒன்று. போன மாதம் வெள்ளையாக இருந்த மாத்திரை இந்த மாதம் மஞ்சளாக வருகிறது. வேறு கம்பெனிச் சரக்கு, மருந்து அதேதான் என்பது உங்களுக்குத் தெரியும். சந்தேகமே நோயாக இருக்கிற ஒருவர் அதைக் கையில் வாங்கி, பஸ்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்து, வீட்டுக்கு வந்து சாக்கடையில் போடுவார். ‘நிறம்தான் மாறியிருக்கு, மருந்து அதேதான்’ என்று ஜன்னலிலேயே சொல்லிவிடுங்கள். கவரின் மேல் மருந்தின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். எது தூக்கத்துக்கு, எது கை நடுக்கத்துக்கு, எது நோய்க்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் ‘தூக்க மாத்திரை’ என்று நினைத்து, தூக்கம் வருகிற நாளில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கல்யாணத்தைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியவில்லை. சொல்லாமல் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் அந்தப் பெண் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள், அத்தை பார்க்காத நேரத்தில் போடுகிறாள், பிறகு முடியாமல் விடுகிறாள். 1955-ம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் விவாகரத்துக்கான காரணங்களைச் சொல்லும் இடத்தில் இந்த நோயைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவள் ஏன் ஒளிக்கிறாள் என்று கேட்காதீர்கள். ராத்திரி ஒரே வேளையாகக் கொடுக்க முடியுமா, அவள் புருஷனை ஒரு தடவை வரவழைத்துப் பேச முடியுமா என்று பாருங்கள். அதையும் அவளிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். புளியம்பட்டி அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டதையும், ஆத்தங்கரைப் பள்ளிவாசலில் போய் இருந்துவிட்டு வந்ததையும் யாராவது சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். வேண்டுதலும் மாத்திரையும் ஒரே பைக்குள் இருக்கிற வீடுகள்தான் இங்கே அதிகம்.

நான் கேட்பது தயவு அல்ல, சட்டத்தில் உள்ளதுதான். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு, எங்களுக்கு என்ன சிகிச்சை கொடுக்கப்போகிறீர்கள், அதன் தெரிந்த பக்க விளைவுகள் என்னென்ன என்பதை எங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. 5-வது பிரிவின்படி, தெளிவாக இருக்கும்போதே எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நாங்கள் எழுதி வைக்கலாம். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு மறுபடி நோய் முற்றினால் ரிஸ்பெரிடோன் கொடுங்கள், எனக்கு ஒத்துப்போகிறது. முன்பு கையை இறுக்கிய மருந்து வேண்டாம். ஊசி என்றால் முதலில் அம்மா என்னிடம் பேசட்டும். சாப்பாட்டில் எதையும் கலக்கக் கூடாது. இவ்வளவுதான் அதில் இருக்கிறது.

கடைசியாக, என் போன்றவர்களில் யாராவது இதைப் படித்தால்: மாத்திரை தாங்க முடியவில்லை என்றால் நீங்களாக விட்டுவிடாமல், தாங்க முடியவில்லை என்பதை முதலில் போய்ச் சொல்லுங்கள். அறைக்குள் வாய் வரவில்லை என்றால் நோட்டில் எழுதிக் காட்டுங்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் போக முடியாத நேரத்தில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசியில் பேசலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

மருத்துவர்களே, அடுத்த மாதம் நான் வரும்போது என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவேன்: ராத்திரி எத்தனை மணிக்குப் போட்டேன், காலையில் எப்போது தலை தெளிந்தது, கை எப்படி ஓடியது, குரல் எத்தனை நாள் கேட்டது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, அப்புறம் சீட்டை எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஓ.பி. வரிசையில் உட்காருகிற ஒருத்தி